திரும்பி வராத முப்பத்தொரு பேரைத் தேடிப் போனவருக்கு

ராஜபாளையம் மேற்குமலை மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவுத் தலைவரும், முன்னாள் ராணுவ ஹவில்தாரும், வன்னியம்பட்டி ஈன்ற வாய்மையாளருமாகிய திருமிகு வெ. சமுத்திரம் அவர்களின் பணி நிறைவு விழாவில், உடன் பணிபுரிந்தோர் அன்போடும், அதைவிட மிகுந்த வியப்போடும் வாசித்தளிக்கும் மடல்.

எண்ணிக்கையில் ஒருவரையும் நழுவ விடாத ஏந்தலே! பதினாறு ஆண்டுகள் பதறாமல், பிறர் பிழையைப் பெரிதாக்காமல், தம் பிழையை மறைக்காமல் பணிபுரிந்த பண்பாளரே! கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்கும் காவல் நின்ற காவலரே! வணக்கம்.

இந்த மடலுக்கு முதலில் பதினேழு அடைமொழிகள் எழுதினோம். எங்கள் அறிக்கைகளில் அடைமொழியைக் கண்டாலே சிவப்பு மையால் அடித்துவிடுபவர் தாங்கள் என்பதால் பதினான்கை நாங்களே அடித்துவிட்டோம். நேருக்கு நேர் நிறுத்திப் புகழ்ந்தால், ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்க்கத் தாங்கள் கீழே இறங்கிப் போய்விடுவீர்கள் என்பதும் தெரியும். போன ஆண்டு விழாவில் அதுதான் நடந்தது. ஆகவே தங்களை நாற்காலியில் அமர்த்திவிட்டு, தங்களைப் பற்றித் தங்கள் துணைவியார் திருமதி காளீஸ்வரி அம்மாள் அவர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

அதற்குக் காரணமும் உண்டு. விழாவுக்கு அழைக்க வீட்டுக்குப் போன அன்று அம்மாள் எங்களைக் கேட்டார்: "பதினாறு வருசமா அவிய அந்த ஆபீசுல என்னதான் பாக்காக? கேட்டா, 'ஆள் விட்டுப் பாக்கேன்'னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துருவாக. எந்த ஆளு, எங்க விடுதாகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

நியாயமான கேள்வி. பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

அம்மா, ஓர் இணையதளத்தைத் திறக்கும் நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைவார்கள். அது தாங்குமா, படுத்துவிடுமா என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதற்காக ஊர்ச்சனத்தை எல்லாம் அழைத்து வந்து சோதிக்க முடியாது. எனவே ஒரு மென்பொருளைக் கொண்டு கற்பனை மனிதர்களை உண்டாக்கி, உண்மையான மனிதர்களைப் போலவே அந்தத் தளத்துக்குள் அனுப்பிப் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தியதும் ஐயாயிரம் பேர் பிறக்கிறார்கள். கைபேசி எண் கொடுக்கிறார்கள், பெயரைத் தட்டுகிறார்கள், தப்பாகத் தட்டி அழிக்கிறார்கள், காத்திருக்கிறார்கள், வேலை முடிந்ததும் இல்லாமல் போகிறார்கள். தினமும் பார்க்கிற எங்களுக்கே இது இன்னும் பழகவில்லை. இருபத்து நான்கு ஆண்டு ராணுவத்தில் ஆள் எண்ணிப் பழகிய ஒருவர் கையில் இந்த வேலை வந்து சேர்ந்தது எங்கள் நல்ல காலம்.

எல்லா ஊரிலும் இந்தக் கற்பனை மனிதர்களுக்கு எண்தான் உண்டு. பயனர் ஒன்று, பயனர் இரண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். அவர் வந்த மூன்றாம் மாதமே எண்களை எடுத்துவிட்டுப் பெயர் வைத்தார், ஊர் வைத்தார், யார் எவ்வளவு வேகமாகத் தட்டுவார், யாருக்குப் பொறுமை இல்லை என்று குணமும் வைத்தார். எதற்கு இந்த வீண் வேலை என்று எங்கள் மாரீஸ்வரி கேட்டபோது, "பேரு இல்லாதவன் விழுந்தா எவனும் தேட மாட்டான்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணினி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு, அவர் அறிக்கையில் விழுக்காடு இருக்காது. நூற்றுக்கு இத்தனை வெற்றி என்று உலகமே எழுதும். அவர் எழுத மாட்டார். இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பினார்கள், திரும்பாதவர்கள் இன்னார் என்று பெயர்ப் பட்டியல் தருவார். வாடிக்கையாளர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பட்டியலைப் படிக்கத் தொடங்கினார்கள். படித்த பிறகு எவரும் சிரித்ததாக எங்களுக்கு நினைவில்லை.

இப்போது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் பங்குனியில் நடந்ததைச் சொல்கிறோம். அந்த மூன்று நாளும் அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்று தாங்கள் குறைப்பட்டீர்களே, அந்தக் கதை.

தேவதானம் பக்கம் அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்து கிடந்தது. ஓர் உழவர் அமைப்பு, கொள்முதல் கொட்டகைக்கு வண்டிகள் முண்டியடிக்காமல் இருக்க, இணையதளத்தில் டோக்கன் போட்டுவிட்டு வரும்படி ஏற்பாடு செய்தது. டோக்கன் இல்லாத நெல் மூடையை இறக்க மாட்டார்கள். அந்தத் தளத்தை நாங்கள்தான் செய்தோம். திங்கட்கிழமை திறப்பு. அதற்கு முந்தைய வெள்ளியன்று அவர் ஐயாயிரம் பேரை அனுப்பினார். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது பேர் டோக்கனோடு திரும்பினார்கள்.

எங்கள் நிர்வாக இயக்குநர் சோலைராஜ் அவர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒப்பந்தத்தில் கேட்டது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. கிடைத்தது அதற்கும் மேல். "அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டுருங்க. அனுப்பிருவோம்" என்றார்.

"முப்பத்தொரு பேரு வரல சார்."

"நாம செஞ்ச ஆளுகதான அண்ணாச்சி. அவுகளுக்கு என்ன நெல்லா இருக்கு, களமா இருக்கு?"

"யாரு வரலன்னு பாத்துட்டுப் போடுறேன்."

பார்த்தார். மறுபடி ஐயாயிரம் பேரை அனுப்பினார். மறுபடி முப்பத்தொரு பேர் விழுந்தார்கள். மூன்றாம் முறையும் அப்படியே. பட்டியல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது எங்களுக்குப் புல்லரித்தது. மூன்று முறையும் விழுந்தவர்கள் அதே முப்பத்தொரு பேர். எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுகிறவர்கள் என்று அவர் குணம் வைத்திருந்த ஆட்கள் அவர்கள். ஒரு படிவத்தை நிரப்பத் தளம் மூன்று நிமிடம் கொடுத்தது. அதற்குள் முடிக்காதவரை வெளியே தள்ளி, முதலிலிருந்து வரச் சொன்னது. அவர்கள் திரும்ப வந்தாலும் அதே மூன்று நிமிடம்தான். நூறு முறை வந்தாலும் அவர்களுக்கு டோக்கன் கிடைக்காது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று நாங்கள் நினைத்த அந்தச் சின்னப் பிழை, சிலருக்கு மட்டும் அடைத்த கதவாக இருந்தது.

வேறொருவராயிருந்தால் இதைக் கண்டுபிடித்ததோடு தோளைத் தட்டிக்கொண்டிருப்பார். இவருக்கோ அந்த முப்பத்தொன்று என்ற எண்ணின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மெதுவாகத் தட்டுகிறவர் ஐயாயிரத்தில் முப்பத்தொருவர்தான் என்று முடிவு செய்தவர் அவரேதான். எங்களைத் தட்டச் சொல்லி, நேரம் பார்த்துப் போட்ட கணக்கு அது. சனிக்கிழமை காலை ஒரு ஸ்டாப்வாட்ச்சையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தேவதானத்துக்குப் பேருந்து ஏறினார். அங்குள்ள இ-சேவை மையத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து, ஏதேதோ படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த தொண்ணூறு பேரைப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பேருக்கு மூன்று நிமிடம் போதவில்லை.

ஞாயிறன்று அந்தக் கணக்கின்படி ஆட்களை உண்டாக்கி அனுப்பினார். வெளியே தள்ளப்பட்டவர்கள் திரும்பத் திரும்ப வந்ததில் நெரிசல் கூடி, வேகமாகத் தட்டியவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பத்தாவது நிமிடத்தில் தளம் படுத்துவிட்டது.

"தப்பு என்னோடது சார்" என்று அவர் சோலைராஜ் அவர்களிடம் சொன்னார். "ஏசி ரூமுல உக்காந்து அளந்துட்டேன். மூணு நாளு கொடுங்க."

சோலைராஜ் அவர்களுக்கும் அது எளிய கேள்வி இல்லை. "சனிக்கெழம மழைங்காக அண்ணாச்சி. நெல்லு வெட்டவெளியில கெடக்கு. நாம மூணு நாளு தள்ளிப்போட்டு, மழையும் முந்திக்கிட்டா, அம்புட்டுப் பேரு மூடையும் நனையும். வேகமாத் தட்டுறவனாவது திங்கக்கெழம போட்டிருப்பானேன்னு நம்ம சட்டையப் பிடிப்பாக."

அவர் தயங்கி நாங்கள் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"மழை வந்தா எம்பேரச் சொல்லுங்க" என்றார்.

போய்விட்டவர் யார், இருந்துகொண்டே மெதுவாகத் தட்டுகிறவர் யார் என்று பிரித்தறியத் தளத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியையும் தட்டத் தட்டவே சேமித்து, ஆள் இருக்கும்வரை இடத்தைப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. எங்கள் இந்துவும் கௌதம்ராஜும் நிரல் எழுதினார்கள். அவர் ஆள் விட்டுக்கொண்டே இருந்தார். இடையிடையே மாடிப்படிக்குப் போய் மேற்கே மலைப்பக்கம் மேகம் கூடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். கொண்டு வந்த சாப்பாடு மூன்று நாளும் டிபன் பாக்ஸிலேயே இருந்தது. அதற்கு அம்மாளின் சமையல் காரணமில்லை என்பதை இந்த அவையில் உறுதிபடத் தெரிவித்துக்கொள்கிறோம். அந்தக் குழம்பு வீணாகவும் இல்லை; எங்கள் ராம்கி அதற்குச் சாட்சி.

புதன் மாலை ஐயாயிரம் பேர் போனார்கள். ஐயாயிரம் பேர் திரும்பினார்கள்.

வியாழன் காலை எட்டு மணிக்குத் தளம் திறந்தது. நாங்கள் டோக்கன் எண்ணிக்கையைக் காட்டித் திரையில் ஏறும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரைக் காணவில்லை. கௌதம்ராஜ் ஓட்ட, பைக்கில் ஏறித் தேவதானத்துக்குப் போயிருந்தார். அங்கே கொட்டகை ஓரத்தில் வெள்ளத்தாய் என்று ஓர் அம்மாள் கைபேசியோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். குத்தகை நிலம், இருபத்திரண்டு மூடை, மூடி வைக்க ஒரே ஒரு தார்ப்பாய். ஒற்றை விரலால் சர்வே எண்ணைத் தட்டினார், தப்பாகப் போனது, அழித்தார், மறுபடி தட்டினார்.

நான்கு நிமிடம் ஆனது. ஆறு ஆனது. உதவலாம் என்று கௌதம்ராஜ் குனிந்தபோது தங்கள் கணவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். வெள்ளத்தாய் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் டோக்கன் போடத்தான் நிக்கீகளாண்ணே? செத்த பொறுங்க. எனக்குக் கை வர மாட்டேங்கு."

"நீ மெதுவாப் பாரு தாயி. ஒண்ணும் அவசரமில்ல."

பதினொரு நிமிடம் நாற்பது விநாடி. டோக்கன் வந்தது. மறுநாள் காலைக்கு. அந்த அம்மாள் எண்ணை உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டு, "இம்புட்டுத்தானா" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். தமக்காக மூன்று நாள் ஒருவர் பட்டினி கிடந்தது அவருக்குத் தெரியாது; இன்றைக்கும் தெரியாது. வெள்ளியன்று அவருடைய மூடைகள் கொட்டகைக்குள் ஏறின. சனிக்கிழமை சொன்னபடியே மழை கொட்டியது.

அம்மா, தங்கள் கணவர் பார்க்கிற வேலை இதுதான்.

ஐயா, இனித் தங்களிடமே பேசுகிறோம். அந்தத் தளத்துக்காகத் தாங்கள் எழுதிக் கொடுத்த இறுதி அறிக்கையை நேற்று கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தோம். தேவதானம் போனதாகவோ, நாற்பது பக்க நோட்டைப் பற்றியோ, காத்த மூடைகளைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. "மூன்று நாள் தாமதம். காரணம் நான்." இவ்வளவுதான் இருந்தது. அந்த வரிக்குக் கீழே எதையும் எழுத எங்களுக்குத் தகுதி உண்டா என்றும் தெரியவில்லை. ஆனாலும் தங்களைக் கேளாமலே அந்தக் கோப்பில் நேற்று ஒரு திருத்தம் செய்துவிட்டோம். தங்கள் வரியை அடிக்கவில்லை. அதன் கீழே நாங்கள் முப்பத்து நான்கு பேரும் கையெழுத்திட்டு, "ஐயாயிரம் பேரும் திரும்பி வந்ததற்கும் காரணம் இவர்தான். இதற்கு நாங்கள் சாட்சி" என்று எழுதியிருக்கிறோம். சோலைராஜ் அவர்கள்தான் முதல் கையெழுத்து.

நலமும் வளமும் நிறைந்து, நோயும் நொடியும் அண்டாமல், துணைவியார் கைச்சோற்றை வேளாவேளைக்கு உண்டு, தாங்கள் நூறாண்டு வாழ வேண்டும். இனித் தங்களுக்கு வரும் காலைகள் எதுவும் தங்களை விரட்டாமல் இருக்கட்டும். சட்டைப் பொத்தானைப் போடவும், செய்தித்தாளைப் படிக்கவும், ஒரு பெயரை நினைவுக்குக் கொண்டுவரவும் ஒரு நாள் தங்களுக்கும் நேரம் கூடுதலாகத் தேவைப்படலாம். அப்போது தங்கள் எதிரே இருப்பது மனிதராயினும் இயந்திரமாயினும், தாங்கள் முடிக்கும்வரை அது காத்திருக்கட்டும்.

என்றும் தங்கள் அன்பில்,
மேற்குமலை மென்பொருள் நிறுவன ஊழியர்கள் முப்பத்து நால்வர்
ராஜபாளையம், 30.06.2025