மேஸ்திரி பார்க்காத தோல்

ஆம்பூரில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறிய தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள் இரண்டு பேர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

“மேஸ்திரி இன்னிக்கு என் தோலைப் பாக்கவே இல்லப்பா” என்றார் மூத்தவர். “நான் சதை வழிச்ச தோலை எட்டு வருஷமா வெளிச்சத்துல புடிச்சு, கத்தி பட்டு ஓட்டை வுழுந்திருக்கான்னு பாப்பாரு. இன்னிக்கு அப்படியே தொட்டியில போடுன்னுட்டாரு.”

“உன்ன நம்பிட்டாருண்ணே” என்றார் இளையவர்.

“வேலைய வுட்டு நிறுத்தப் போறாரோன்னு பயந்துட்டேன். நானே எடுத்துனு போயி, பாருங்கன்னேன்.”

“பாத்தாரா?”

“பாத்தாரு. ஒரு ஓட்டை இருந்துச்சு. திட்டவே இல்ல. ‘இனிமே நீயே பாத்துக்கோ’ன்னுட்டாரு.”

“அப்ப நம்புறாருதான்.”

“இன்னா நம்பிக்கையோ போ! நாளைக்கு ஓட்டை வுழுந்தா நான் யாருகிட்ட போயி காட்டுறது?”