ஆறு கீழ்ப் பட்டைகள்

காப்பியில் சீனி கொஞ்சம் அதிகம். பரவாயில்லை ஐயா, குடித்துவிட்டேன். நீங்கள் எழுதிய போலீஸ் அறிக்கையில் ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும். ‘வெல்டர் பாஸ்கலின் கவனக்குறைவு’ என்றிருக்கிறது. திண்டுக்கல்லில் பதினோரு வருசமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என் வேலையை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அருள்நாதன் என் கூட்டாளி. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்பை உரித்து, மேடு பள்ளத்தில் பாயும் பக்கி வண்டியாக்க எங்களுக்கு மூன்று வருசம் ஆனது. ஓட்டப்போவது நான். முதல் நாளே பேசியது. இந்த எண்பத்தாறாம் வருசப் பந்தயத்துக்கு நோட்டீஸ் வந்தபோது அதில் அவன் பெயர் இருந்தது. கேட்டேன்.

“கோவிச்சுக்கிறாதடா. கவுந்துச்சுன்னா ஒம்புள்ளைகள யாரு பாப்பா? நான் ஒத்தக்கட்டை,” என்றான்.

எவ்வளவு அக்கறை பாருங்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம்தான் கூண்டு வேலை. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவன் தலை நசுங்காமல் காப்பாற்றும் குழாய்க் கூண்டு. சேஸிலேயே வெல்டு வைத்துவிடலாம் என்றேன். போல்ட்டு போடு, கழற்றி மாட்ட வசதி என்றான். போல்ட்டு என்றால் ஒவ்வொரு காலுக்கும் தரைத் தகட்டுக்கு மேலே ஓர் இரும்புப் பட்டை, கீழே ஒன்று. கீழ்ப் பட்டை இல்லாவிட்டால் கவிழ்கிற வேகத்தில் நட்டு அந்த மெல்லிசுத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆறு காலுக்கும் கீழ்ப் பட்டை அறுத்தேன், துளை போட்டேன், பிசிறு தேய்த்தேன். மாட்டவில்லை. அடியில் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டேன்.

போன ஞாயிறு, தாடிக்கொம்புப் பக்கம் வறண்ட குளத்தில் வண்டி இரண்டு தரம் உருண்டது. கூண்டு தனியாகக் கிடந்தது. அவனைப் பிணமாக வெளியே எடுத்தது நான்தான். அழுதேன்; அது நடிப்பில்லை.

பட்டைகள் என் கருவிப் பெட்டியில் சாக்குத் துணிக்குள் இருக்கின்றன. அளந்து பாருங்கள், ஒரு நூல் பிசகாது. கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தான் என்று எழுதுங்கள்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் அவன் குனிந்து ஒரு தரம் அடியில் பார்த்திருக்கலாம். எல்லாம் மாட்டிவிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். “நீ செஞ்சா சரியாத்தான்டா இருக்கும்,” என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

கடைசிவரை எனக்கு ஒரு வழி விடவில்லை ஐயா அவன்.