இணைச்சீர்க் கூடை

பிரவீனா: கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக்கடைக்குத் திரும்பாம எங்கடா நேராப் போறே? பொண்ணுக்குக் கூரைப்பொடவை எடுக்கத்தானே கூட்டிட்டு வந்தே?

நிதீஷ்: அதுக்கு அப்புறம் போலாங்க்கா...

பிரவீனா: ஆஸ்பத்திரிக்கா? நிறுத்து வண்டிய.

நிதீஷ்: போன வாரம் டாக்டரம்மா எனக்கு போன் போட்டாங்க. நீ எடுக்கறதே இல்லையாமா.

பிரவீனா: குடல்வாலு வீங்கியிருக்குது. ஊர்ல யாருக்கும் இல்லாததா?

நிதீஷ்: வெறும் வீக்கமில்லக்கா. உள்ள ஒரு கட்டி சளியாட்டச் சுரந்து, குடல்வாலே உப்பிக் கெடக்குது. ஒடைஞ்சு வயித்துக்குள்ள பரவிச்சுன்னா...

பிரவீனா: தெரியும். ஒடையாம முழுசா எடுக்கோணும். அத டெஸ்டுக்கு அனுப்பித்தான் குடல்லயும் வெட்டோணுமான்னு சொல்லுவாங்க. உன்ற கல்யாணம் முடியட்டும், படுத்துக்கறேன்.

நிதீஷ்: கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது.

பிரவீனா: அதுவரைக்கும் ஒடையாது.

நிதீஷ்: அதுகிட்டச் சொல்லிப்போட்டியா?

பிரவீனா: சொன்னாக் கேட்கும். உன்னையாட்ட இல்ல.

நிதீஷ்: அக்கா... கூடையத் தூக்கச் சின்னம்மா மக அக்ஷயா இருக்கறாளேன்னு பெரியம்மா...

பிரவீனா: வாய மூடு. புருசனப் பறிகொடுத்தவ இணைச்சீர்க் கூடையத் தலையில வெக்கக்கூடாதுன்னு பெரியம்மா சொன்னப்ப, மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ நான், நான்தான் தூக்குவேன்னு அத்தன பேரு முன்னால நின்னேன். இப்ப வயித்த வெட்டிப் படுத்தா, நல்லதாப் போச்சுன்னு சின்னம்மா மகளக் கொண்டாந்து நிறுத்துவாங்க.

நிதீஷ்: அவள நிறுத்த முடியாது.

பிரவீனா: ஏன் முடியாது?

நிதீஷ்: நேத்து பொண்ணூட்டுக்குப் போய்ட்டு வந்தேன். கல்யாணத்தத் தைக்குத் தள்ளிப்போட்டாச்சு. எங்கக்கா எந்திரிச்சு வந்து கூடையத் தூக்குனாத்தான் தாலி கட்டுவேன்னு சொல்லிப்போட்டேன்.

பிரவீனா: ...உன்ற மாமனாரு?

நிதீஷ்: மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. பொண்ணு லோகப்பிரியா சரின்னுட்டா. பெரியம்மாதான் போன்ல இன்னும் திட்டிட்டு இருக்குது.

பிரவீனா: திட்டட்டும்.

நிதீஷ்: இன்னைக்கு டாக்டரம்மாகிட்டப் பேசி நாள் மட்டும் வாங்கிக்கலாம். வா, மொதல்ல டிபன் சாப்புடுலாம். காலையிலிருந்து காப்பி கூட வேண்டாம்னே...

பிரவீனா: ஓட்டல்ல நிறுத்தாத, வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க, நேராப் போ. பொடவை எடுக்கப் போலாம்னு நீ சொன்ன நாளாப் பார்த்து நானே ஆபரேசனுக்குத் தேதி வாங்கிப்போட்டேன். மாத்துத்துணி டிக்கில இருக்குது. நீ அவங்க பக்கம் சாயறியா, என்ற பக்கம் நிக்கறியான்னு தெரியாம வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன்.