மூன்றாம் பாகத்திலேயே சொல்லிவிடுவார்

சாயங்காலத் தேநீர் ஆறுவதற்குள் ஒரு கொலை நடந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் போன வருடம் முழுக்க அதுதான் வழக்கம்.

ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் வானொலியில் வந்த துப்பறியும் நாடகங்களை யாரோ ஒரு புண்ணியவான் தேடிப்பிடித்து, தூசி தட்டி, பாட்காஸ்டாகப் போட்டுவருகிறார். ஒரு கதைக்குப் பத்துப் பாகம். கதவு கிரீச்சிடும். மழை பெய்யும்; அது தட்டில் கொட்டும் அரிசி என்று என் காதுக்குத் தெரியும், ஆனாலும் நனைந்துவிடுவேன். என் கைப்பேசியிலிருந்து கூடத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நானும் என் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து கேட்போம். அதைவிடச் சுகம் எனக்கு வேறொன்றும் இல்லை.

நீங்கள் விசாரணைக் குழு; விஷயத்துக்கு வரச்சொல்வீர்கள். விஷயம் இதுதான். என் கணவர் மூன்றாம் பாகத்திலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவார்.

"சமையல்காரன்தான்," என்பார், தேநீரை உறிஞ்சியபடியே. "ஐயான்னு கூப்பிடுறப்ப குரல் லேசா தழையுது பார். எழுதி வச்சுக்கோ."

எழுதி வைத்துக்கொண்டேன். பதினொரு கதை, பதினொன்றிலும் அவர் சொன்ன ஆள்தான். அவர் நில அளவையர், அங்குலம் பிசகாத மனிதர். நானோ இந்த மருத்துவமனையில் பதினாறு வருடமாக ஊரார் காதைச் சோதிக்கிறவள். தழைந்த குரல் எனக்கல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சம் ஏழு பாகம் வீணாகிறதே என்ற வருத்தம் மட்டும்தான்.

யானைக்கும் அடி சறுக்க வேண்டும்; சறுக்காவிட்டால் அது யானைக்கே நல்லதில்லை. பன்னிரண்டாம் கதையில் அவர் வக்கீலைச் சொன்னார். வக்கீல்தான். நான் கடைசிப் பாகத்தை முன்கூட்டியே கேட்டுப் பார்த்து, வக்கீலின் ஒப்புதல் வாக்குமூலத்தை வெட்டி எடுத்துவிட்டு, தோட்டக்காரன் ஒருவனை அங்கே நட்டேன். என்னிடம் ஒலிபுகாத அறை இருக்கிறது, நல்ல மைக் இருக்கிறது. பழைய ஒலிநாடாவின் இரைச்சலை எடுத்து மேலே பூசிவிட்டால் ஒட்டு தெரியாது.

குரலுக்கு நம் மருத்துவமனை வாசல் காவலாளியைக் கூப்பிட்டேன். காது பரிசோதனைக்கான வாக்கியங்கள் என்று சொல்லித் தாளைக் கொடுத்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மேடம், 'நான்தான் கொன்னேன், எனக்கு வேற வழி தெரியல'ன்னு இருக்கு. காது டெஸ்டுக்கு இவ்வளவு சோகமா பேசணுமா?"

"சோகம்தான் காதுக்குக் கஷ்டம்," என்றேன்.

மனிதர் அழுதே விட்டார். அந்தத் திறமை வாசலில் நின்று வீணாகிறது என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அன்று சாயங்காலம் என் கணவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டக்காரனா?" என்றார். நான் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "எல்லாருக்கும் நடக்கிறதுதாங்க," என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு அன்னியோன்யமான நாள் அபூர்வம்.

அதன்பின் மூன்று கதைகளில் அதையே செய்தேன். காவலாளியின் குரலை ஒருமுறை தடிப்பாக்கினேன், ஒருமுறை மெல்லியதாக்கினேன். "இந்த நடிகன் எல்லாக் கதையிலும் கடைசிலதான் வர்றான்," என்று ஒருநாள் அவர் முணுமுணுத்தார். "அந்தக் காலத்துல ஆள் பஞ்சம்," என்றேன்.

நாலாவது தோல்விக்குப் பிறகு அவர் நிலத்தை மூன்று முறை அளக்கத் தொடங்கினார். நாலாவது முறை அளக்க உதவியாளரை அனுப்பினார். ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே என்னிடம் சொன்னார்: "என் காதுல ஏதோ கோளாறு. குரல் எதுவும் சரியா விழல. நீயே ஒருதடவை பாத்துடேன்."

தேடி வந்தவரை நான் திருப்பி அனுப்ப முடியுமா? அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஈ நடந்தால் கேட்கிற அளவுச் சத்தத்துக்கும் அழுத்தினார். இருபது வயதுக்காரனின் காது. கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேசான குறைபாடு," என்றேன். "மெஷின் வச்சா சரியாயிடும்."

நீங்கள் குற்றப்பத்திரிகையில் எழுதியிருப்பது அந்தக் கருவியைத்தான். காதை முழுதாக அடைக்கிற மாதிரி அச்செடுத்து நானே செய்துகொடுத்தேன். அதன் ஒலியளவு என் கைப்பேசியின் கட்டுப்பாட்டில் இருந்தது. நாடகத்தில் துப்பு வருகிற இடங்களில் மட்டும் கொஞ்சம் குறைப்பேன். பிறகு அவருடைய அக்கா போனில் பேசும்போதும் குறைத்தேன். அண்ணி ஒரு விஷயத்தை ஒன்பது முறை சொல்லுகிறவர், இவர் காதுக்கு எதற்குச் சிரமம். பிறகு பக்கத்து வீட்டுக்காரர், பிறகு அவருடைய சிநேகிதர்கள். வீடு அமைதியாயிற்று. என்னிடம் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். "அவங்க என்ன சொன்னாங்க?" என்பார். நான் நல்லதை மட்டும் சொல்வேன்.

பிடிபட்டது என் கவனக்குறைவு. ஒருநாள் அவரை இங்கே என் அறைக்கு வரவழைத்து, கருவியைச் சுத்தம் செய்ய வாங்கி வைத்துக்கொண்டு, மருந்து வாங்கிவர அவரைக் கீழே அனுப்பினேன். வாசலில் காவலாளி, "ஒவ்வொருத்தரா வாங்க, வேற வழி இல்ல," என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வெறுங்காதோடு இருபது அடி தள்ளி நின்ற என் கணவர் ஓடிப்போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க அந்தக் காலத்து ரேடியோ நடிகர்தானே?"

காவலாளிக்கு முப்பத்திரண்டு வயது. "இல்ல சார்," என்றார் வெட்கத்தோடு. "நான் நம்ம மேடம் ரூம்லதான் நடிச்சிருக்கேன்."

மற்றதை அண்ணி பார்த்துக்கொண்டார். வேறொரு மருத்துவரிடம் அழைத்துப்போனார், அறிக்கை வாங்கினார், உங்களுக்குப் புகார் எழுதினார். அவருடைய கோபம் நியாயமானதே. கருவியைக் கொடுத்தேன், பொய்யான சோதனைத் தாளில் கையெழுத்திட்டேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் உங்கள் தாளில் இல்லை. அக்கா வீட்டுக்குப் போகப் பெட்டியைக் கட்டிவிட்டு அவர் செருப்பு மாட்டிக்கொண்டே நின்றார். திட்டவில்லை. ஏன் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்த நாலு கதைலயும் நிஜமா கொன்னது யாரு?" என்றார். "நான் சொன்ன ஆளுங்கதானா?"

நான்கிலும் அவர் சொன்ன ஆட்கள்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"இல்லைங்க," என்றேன். "நாலுமே தப்பு. நிஜமா கொன்னது யாருன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கும். அதுகூடப் பிடிபடலையேன்னு உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் நான் முடிவையே மாத்தினேன்."

அவர் தலையாட்டினார். எனக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அசல் பாகங்கள் இன்றும் பாட்காஸ்டில் இருக்கின்றன; போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கமாட்டார். கட்டிய மனைவி சொல்லை நம்புகிற மனிதர் அவர். அப்படிப்பட்ட ஒருவரைப் புண்படுத்த எனக்கு எப்படி மனம் வரும்?