வலது காது

ஹாலிஸ்: கண்ணு நல்லா வந்திருக்கு, வெர்னா.

வெர்னா: கண்ணாடிக் கண்ணு. டப்பாவுல வருது. வேற?

ஹாலிஸ்: கழுத்தும்தான்... உயிரோட நிக்கற மாதிரியே இருக்கு.

வெர்னா: முப்பத்தோரு வருஷமா இந்தக் கொட்டகையில மான் தலைக்குத் தோல் தச்சிட்டு இருக்கேன். இதுவரைக்கும் உன் வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. இன்னிக்கு ஒரே மூச்சுல ரெண்டு. என்ன வேணும் உனக்கு?

ஹாலிஸ்: ஒண்ணும் வேணாம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.

வெர்னா: பாத்தாச்சா?

ஹாலிஸ்: பாத்தாச்சு.

வெர்னா: அப்பக் கெளம்பு. சனிக்கிழமை சங்கத்து விருந்துக்குள்ள முடிச்சுடுவேன்.

ஹாலிஸ்: காபி இருக்கா?

வெர்னா: காலைல போட்டது.

ஹாலிஸ்: பரவால்ல.

வெர்னா: அந்த ஸ்டூல்ல உக்காராத, பசை காயல... இந்தா. வந்ததுல இருந்து பாக்கறேன். மூக்கைத் தொட்ட, கழுத்தைத் தொட்ட, கொம்பை மூணு தரம் தடவிட்ட. வலது காது பக்கம் மட்டும் நீ போகவே இல்ல.

ஹாலிஸ்: காதுக்கு என்ன?

வெர்னா: நீதான் சொல்லணும்.

ஹாலிஸ்: முள்ளு கிழிச்சிருக்கும்.

வெர்னா: சுண்டு விரல் போற அளவுக்கு, காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி வட்டமா கிழிச்சிருக்கு.

ஹாலிஸ்: முள்ளுல பல வகை இருக்கு.

வெர்னா: இருக்கட்டும். உள்பக்கம் பச்சை மையில நாலு எழுத்து குத்தியிருக்கே. அது எந்த வகை முள்ளு?

ஹாலிஸ்: எழுத்தா...

வெர்னா: காதைத் திருப்பிப் போட்டுத்தானே நான் உரிப்பேன். அது பண்ணையில வளத்த மான், ஹாலிஸ். அந்த ஓட்டை நம்பர் தகடு மாட்டுன ஓட்டை.

ஹாலிஸ்: காபி ரொம்பக் கசக்குது.

வெர்னா: காலைல போட்டதுன்னு சொன்னேன்ல. எங்க சுட்ட?

ஹாலிஸ்: ட்ரெண்ட் பண்ணையில.

வெர்னா: உன் மாப்பிள்ளை பண்ணையில. எட்டடி வேலிக்குள்ள.

ஹாலிஸ்: எட்டடிதான்.

வெர்னா: நீ.

ஹாலிஸ்: நான்.

வெர்னா: கொஞ்சம் இரு. வேட்டைச் சங்கத்து விதி அட்டை ஒண்ணு இந்தச் செவுத்துல ஒட்டியிருப்பேன்... ஆங். "வேலியால் அடைக்கப்பட்ட நிலத்தில் வீழ்த்தப்பட்ட எந்த மானின் கொம்பும் சாதனைப் பட்டியலுக்காக இச்சங்கத்தால் அளக்கப்பட மாட்டாது. தப்பிச் செல்லும் வாய்ப்பு இல்லாத உயிரைக் கொல்வது வேட்டை ஆகாது." அழகா எழுதியிருக்காங்க. யாருப்பா எழுதினது?

ஹாலிஸ்: கிண்டல் பண்ணாத.

வெர்னா: கேக்கக் கூடாதா? டெக்சஸ்ல பாதிப் பேர் வேலிக்குள்ளதான் சுடறான். ஒருத்தனும் வெக்கப்படல. இந்த ஊர்ல மட்டும்தான் அதுக்கு வெக்கப்படறாங்க. வெக்கப்பட வெச்சது நீ.

ஹாலிஸ்: தெரியும்.

வெர்னா: டெல்பர்ட் ராஷை ஞாபகம் இருக்கா?

ஹாலிஸ்: ஏன் அவனை இழுக்கற...

வெர்னா: ஒன்பது வருஷம் முன்னாடி. தீயணைப்பு நிலையக் கூடம், இதே விருந்து. வேலிக்குள்ள சுட்டதுன்னு அவன் வெச்ச தலையை மேசையில இருந்து எடுத்து, எல்லார் முன்னாடியும் அவன் கையில திருப்பிக் கொடுத்த. அவன் பொண்டாட்டி தான் கொண்டு வந்த உருளைக்கிழங்கு சாலட்டைக் கூட வைக்கல. மூடியோட எடுத்துட்டுப் போயிட்டா.

ஹாலிஸ்: அந்தப் பாத்திரம் நீல நிறம்.

வெர்னா: அதுவும் ஞாபகம் இருக்கா?

ஹாலிஸ்: எல்லாம் ஞாபகம் இருக்கு.

வெர்னா: சரி, சொல்லு. உனக்கு என்ன வந்துச்சு? ட்ரெண்ட் உன் தலையில துப்பாக்கி வெச்சானா?

ஹாலிஸ்: கண்ணு, வெர்னா. ரெண்டு கண்ணுலயும் நடுவுல ஒரு கறை. ஓரத்துல இருக்கறது தெரியும். நேரா இருக்கறது தெரியாது. அடுத்த சீசன் கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

வெர்னா: ...எனக்கு ஏன் சொல்லல?

ஹாலிஸ்: இப்பச் சொல்றேன்ல.

வெர்னா: ம்.

ஹாலிஸ்: ஜேனலுக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பாவுக்குக் கடைசி மான், பெரிசா இருக்கணும்னு புருஷனும் பொண்டாட்டியும் பேசி முடிச்சுட்டாங்க. அது அவ கையால புட்டிப்பால் கொடுத்து வளத்தது.

வெர்னா: பேர் வெச்சிருந்தாளா?

ஹாலிஸ்: வேணாம், விடு.

வெர்னா: சொல்லு.

ஹாலிஸ்: பிஸ்கட்.

வெர்னா: பிஸ்கட்டா?

ஹாலிஸ்: சிரிச்சுடு. பரவால்ல.

வெர்னா: சிரிக்கல. ட்ரெண்ட் கேப்பான், மாட்டை வளத்து வெட்டறோம், மானை வளத்துச் சுட்டா என்னன்னு. நீ என்ன சொல்லுவ?

ஹாலிஸ்: மாட்டைக் கொன்னுட்டு அது பக்கத்துல முட்டி போட்டு நாம போட்டோ எடுக்கறதில்ல. அதோட தலையைச் செவுத்துல மாட்டி, வந்தவன்கிட்ட எல்லாம் கதை சொல்றதில்ல. கொல்றதை நான் தப்புன்னு சொன்னதே இல்ல. அந்தக் கதைதான் தப்பு.

வெர்னா: உன் நிலத்துல மட்டும் என்னவாம். நீயும் சோளம் தூவற பெட்டி வெச்சிருக்க. டைமர் சுத்தினதும் மான் வருது. வேலி இல்லைன்னா என்ன, வயித்தைப் பிடிச்சுக் கட்டி வெச்சிருக்க.

ஹாலிஸ்: வர்றதும் போறதும் அதோட இஷ்டம்.

வெர்னா: பிஸ்கட்டுக்கும் அந்த இஷ்டம் இருந்துச்சா?

ஹாலிஸ்: கொடுத்துப் பாத்தேன்.

வெர்னா: எப்படி?

ஹாலிஸ்: வெளிக் கதவைத் திறக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் என் ஓடை, வேலி கிடையாது. நாலரை மணி வரைக்கும் கதவு திறந்தே கிடக்கட்டும்னேன்.

வெர்னா: ட்ரெண்ட் ஒத்துக்கிட்டானா?

ஹாலிஸ்: "மாமா, உங்க மான், உங்க கதவு"ன்னுட்டு திறந்து விட்டான். நல்ல பையன்தான்.

வெர்னா: அப்புறம்?

ஹாலிஸ்: போயிடுச்சு.

வெர்னா: போயிடுச்சா?

ஹாலிஸ்: ஓடை வரைக்கும் போச்சு. தண்ணி குடிச்சுது. எனக்கு நிம்மதியா இருந்துச்சு, வெர்னா. துப்பாக்கியில இருந்து குண்டை எடுத்துப் பையில போட்டுட்டேன்.

வெர்னா: அப்ப இது எப்படி இங்க வந்துச்சு?

ஹாலிஸ்: நாலு மணி ஆச்சு. வேலிக்குள்ள இருந்த சோளப் பெட்டி சுத்த ஆரம்பிச்சுது.

வெர்னா: ஐயோ.

ஹாலிஸ்: ஓடிக்கூட வரல. நடந்து வந்துச்சு. அதே கதவு வழியா. வர்ற வழியில நின்னு என்னை ஒரு தடவை பாத்துட்டு வந்துச்சு.

வெர்னா: நீ என்ன பண்ண?

ஹாலிஸ்: குண்டைத் திரும்பப் போட்டேன்.

வெர்னா: ஏன் போட்ட?

ஹாலிஸ்: ஜேனல் வண்டியில உக்காந்து போனுல படம் பிடிச்சுட்டு இருந்தா. அழுதுட்டே பிடிச்சா. எனக்காக அழுதாளா, அதுக்காக அழுதாளான்னு இன்னும் நான் கேக்கல.

வெர்னா: இப்ப அவ ஊர் பூராச் சொல்லிட்டா. மளிகைக் கடையில என்கிட்டயே சொன்னா. "அப்பா ஓடைக் கரையில அடிச்சது"ன்னா. சனிக்கிழமை நீ இதை அந்த மேசையில வைக்கணும். வேலிக்குள்ள சுட்டதுன்னு சொன்னா அவ பொய்க்காரி ஆயிடுவா. சொல்லலைன்னா நீ ஆயிடுவ.

ஹாலிஸ்: கணக்கா சொல்லிட்ட.

வெர்னா: சரி, உனக்குக் கேக்க வாய் வராது. நானே சொல்லிடறேன். காது ஓட்டையை அடைச்சுக் கொடுத்துடறேன். தோல் துண்டு வெச்சு, மயிர் ஒட்டி, மேல சாயம் போட்டுட்டா சுட்ட நீயே தேடினாலும் ஓட்டை கிடைக்காது.

ஹாலிஸ்: இந்த மாதிரி எத்தனை பேருக்கு அடைச்சுக் கொடுத்திருக்க?

வெர்னா: நம்ம சங்கத்துல மட்டுமா, மொத்தமாவா?

ஹாலிஸ்: நம்ம சங்கத்துலயுமா?

வெர்னா: பதினொண்ணு. நீ அளந்து கையெழுத்துப் போட்டது எல்லாம்.

ஹாலிஸ்: ...பதினொண்ணு.

வெர்னா: முகத்தை அப்படி வெச்சுக்காத. நான் கொட்டகைக்காரி. கேட்டா தைப்பேன். ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் யாரும் கேக்காமத் தச்சேன்.

ஹாலிஸ்: யாரோடது?

வெர்னா: சொல்லக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன். இன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்தா சொல்லலாம்னு தோணுது. உனக்குக் கொஞ்சம் பாரம் குறையும்.

ஹாலிஸ்: சொல்லு.

வெர்னா: கூடத்துல வாசலுக்கு மேல மாட்டியிருக்கே அந்தத் தலை, ஓடைக்காரன். பத்து வருஷம் முன்னாடி வெள்ளம் வந்த அடுத்த மாசம் நீ ஓடையில அடிச்சது. இந்த வட்டாரத்துலயே இன்னிக்கு வரைக்கும் பெரிசு.

ஹாலிஸ்: அதுக்கென்ன?

வெர்னா: அதுக்கும் வலது காதுல ஓட்டை இருந்துச்சு. வெள்ளத்துல எந்தப் பண்ணை வேலியோ விழுந்து, தப்பிச்சு வந்த மான். நீ பாவம், காட்டு மான்னு நினைச்சு நேர்மையா சுட்டிருக்க. தெரிஞ்சா உடைஞ்சு போவன்னு நானே அடைச்சுட்டேன். உன்கிட்டக் கூடச் சொல்லல. கோவமா?

ஹாலிஸ்: இல்ல. நல்லாத் தச்சிருந்த. ஒவ்வொரு வருஷமும் ஏணி போட்டு ஏறித் தூசி தட்டுவேன். விரல்ல கூடத் தட்டுப்படாது.

வெர்னா: விரல்ல ஏன் தட்டுப்படணும்? உனக்கு எப்படி... ஹாலிஸ்?

ஹாலிஸ்: ஸ்டூலைக் கொஞ்சம் இழுத்துப் போடு.

வெர்னா: பசை காயலன்னு சொன்னேன்.

ஹாலிஸ்: பரவால்ல. நான் இன்னிக்குக் காதை அடைக்கச் சொல்ல வரல, வெர்னா. நேத்தே டெல்பர்ட் வீட்டுக்குப் போய் விருந்துக்கு வரச் சொல்லிட்டேன். பொண்டாட்டியையும் சாலட்டோட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். ஜேனல்கிட்ட இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல சொல்லப் போறேன். பிஸ்கட் காது அப்படியே இருக்கட்டும்.

வெர்னா: அப்ப எதுக்குத்தான் வந்த?

ஹாலிஸ்: சனிக்கிழமைக்குள்ள ஓடைக்காரனைக் கழட்டிக் கொண்டு வர்றேன். நீ அடைச்ச காதைப் பிரிச்சு, இந்த மஞ்ச நம்பர் தகடைத் திரும்ப மாட்டிக் கொடு. ஓடைக்காரன் விழுந்தப்போ நான் கொம்பைப் பாக்கறதுக்கு முன்னாடி அது காதுல இருந்து கழட்டினது இதைத்தான்.