புதுசா வர்றவங்களுக்கு

சூளூர்பேட்டையில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்டவள் லேப்டாப்பைத் திறந்ததும் சின்னவள் எட்டி, திரையிலிருந்த ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தாள்.

“இந்த பட்டன் வேலை செய்யலியேக்கா, சரி பண்ணேன்.”

“அத்தத் தொடாத. புதுசா வர்றவங்களுக்குன்னு வச்சிக்கினு இருக்கேன்.”

“தப்பப் போயா வச்சிக்கினு இருக்க?”

“சம்பளமில்லாம பலபேரு சேந்து எழுதற சாஃப்ட்வேர்டி இது. மொதல்ல சின்ன வேலையா குடுத்தாதான் வர்றவங்களுக்கு பயம் போவும்.”

“யாராவது வந்தாங்களா?”

“வந்தாங்க. நான் வணக்கம் சொன்னேன், அவங்களும் சொன்னாங்க. அப்புறம் ஆளையே காணோம்.”

“நீயே பண்ணா அஞ்சு நிமிசம்தானேக்கா?”

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

“அஞ்சு நிமிசம்தான். அப்படியே எல்லாத்தையும் நானே பண்ணிக்கினு வந்தேன். இப்ப பாரு, இத எழுத நான் ஒருத்திதான் மிச்சம்.”