மஞ்சள் துணியில் வைத்த வால்வு

கிடார் பெடல்களை ஒப்பிட்டுப் பார்க்க உட்காரும்போது வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கக் கூடாது. வயிறு நிறைந்தால் காது மந்தமாகிவிடும். அரை வயிறு, ஒரு டம்ளர் வெந்நீர், சாத்திய ஜன்னல், இவ்வளவு இருந்தால் போதும்.

எழுதித் தரச் சொன்னீர்கள், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். உங்களுக்குக் கிடார் பழக்கமில்லை என்றீர்கள். கிடார் சத்தத்தைப் பெருக்கும் பழைய ஆம்புகளுக்குள் கண்ணாடி வால்வுகள் இருக்கும். ஒலியை முழுதாகக் கூட்டினால் அந்த வால்வுகளுக்கு மூச்சு முட்டும், சுரம் ஓரத்தில் லேசாகக் கிழியும். அந்தக் கிழிசலுக்காகத்தான் கிடார்க்காரன் ஒவ்வொருவனும் அலைகிறான். ஆனால் ஆம்பை அப்படி வைத்து வாசித்தால் தெருவே திரண்டு வந்து கதவைத் தட்டும். அதற்காகத்தான் சோப்புப் பெட்டி அளவில் ஓவர்டிரைவ் பெடல்கள் வந்தன. காலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், சின்னச் சத்தத்திலேயே அந்தக் கிழிசல் வரும் என்று ஒவ்வொரு பெட்டியும் சத்தியம் செய்யும். பெரும்பாலும் பொய்ச் சத்தியம். ஒன்று மூக்கால் பாடும். ஒன்று தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும். இன்னொன்று ரொம்பச் சமர்த்து, தடவினாலும் அடித்தாலும் ஒரே பதில்தான். நிஜ ஆம்ப் அப்படியில்லை, விரலில் கோபம் இருந்தால் அதற்குத் தெரிந்துவிடும்.

எந்தப் பெட்டி எவ்வளவு பொய் என்று சொல்வது என் தொழில். நான் ஒரு அறையில் உட்காருவேன். பக்கத்து அறையில் என் தங்கையின் கணவர் வாசிப்பார். ஒரு சுற்று நிஜ ஆம்ப், ஒரு சுற்று பெட்டி, வரிசை அவர் இஷ்டம். கையிலிருக்கும் தாளில் 'ஆம்ப்' என்றோ 'பெட்டி' என்றோ எழுதிவைத்துவிட்டு, முடிந்ததும் உள்ளே போய்ச் சரிபார்ப்பேன். பதினோரு வருடத்தில் ஒரு சுற்றுகூடத் தவறியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு என் பெயரே தெரியாது. 'காது' என்றால்தான் தெரியும். காது என்ன சொன்னது என்று பார்த்துவிட்டுத்தான் பெடல் வாங்குவார்கள்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் பழுதுபார்க்கும் வேலை முழுக்க அவருடையது. சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர். செத்துப்போன ஆம்பைக்கூட நாலு நாளில் எழுப்பி உட்கார வைப்பார். அதிகம் பேசமாட்டார். என்னைவிட ஆறு வயது சின்னவர், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. இரண்டு வருடமாக வேலை முடிந்தபின் தனியாக உட்கார்ந்து சொந்தமாக ஒரு பெடல் செய்துகொண்டிருந்தார். எங்கள் பட்டறையில் இருந்த பழைய ஆம்பின் சத்தத்தைத்தான் அதில் கொண்டுவரப் பார்த்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மச்சான், ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க," என்றார். தங்கை ஆசையோடு போனில் படம் பிடித்தாள். இருபது சுற்று. தயக்கமே இல்லாமல் எழுதினேன். வித்தியாசம் பளிச்சென்று கேட்டது. ஒன்று உயிரோடு இருந்தது, மற்றது சோர்ந்து கிடந்தது.

உள்ளே போய்ச் சரிபார்த்தோம். இருபதும் தவறு. பத்துச் சரி, பத்துத் தவறு என்றால் குருட்டாம்போக்கு என்று விடலாம். எனக்கு இருபதும் தலைகீழ். பெட்டியை ஒவ்வொரு முறையும் ஆம்ப் என்று எழுதியிருந்தேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல மச்சான். நம்ம ஆம்புக்குத்தான் வயசாயிடுச்சு. உங்களுக்கு ஞாபகத்துல இருக்கறது பத்து வருஷத்துக்கு முன்னாடி அது போட்ட சத்தம். நான் அந்தச் சத்தத்தைத்தான் பெட்டிக்குள்ள கொண்டு வந்தேன்."

தினமும் கேட்கிற ஆம்ப் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது எனக்குத் தெரியவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"அண்ணா, இதை அப்படியே எல்லாரும் பாக்கற மாதிரி போட்டுடலாமா? காதே ஏமாந்துபோச்சுன்னா இவரோட பெட்டியை அப்புறம் யாரு குறை சொல்லுவா?" என்றாள் தங்கை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "வேணாம், இரு. முதல்ல நான் ஆம்பைச் சரி பண்றேன். கண்டென்சர் எல்லாம் போயிடுச்சு, அதான் அழுதுவடியுது. புதுசு போட்டதும் மச்சான் மறுபடி கேக்கட்டும். ரெண்டையும் சேர்த்தே போடுவோம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுபடி கேட்டு மறுபடியும் தவறினால் என்ன ஆகும் என்று இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பயந்ததாக நீங்கள் எழுத வேண்டாம். பதினோரு வருடமாக என் பேச்சை நம்பிப் பெடல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வாங்கியது எல்லாம் வீணோ என்று அவர்கள் குழம்பிப்போவார்கள். அவர்களுக்காக யாராவது யோசிக்க வேண்டுமே.

இனி எங்கள் பட்டறை வழக்கத்தைச் சொல்கிறேன். வால்வு ஆம்பை அணைத்து, கம்பியைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சர்களுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆளை அடித்துப்போடும் அளவுக்கு இருக்கும். அதனால் மூடியைத் திறப்பவர் முதலில் அதை வடித்துவிட வேண்டும். வடித்ததும் ஒரு வால்வைக் கழற்றிப் பெஞ்சில் இருக்கும் மஞ்சள் துணிமேல் படுக்கவைப்பார். துணிமேல் வால்வு இருந்தால் வடித்தாயிற்று என்று அர்த்தம். மற்றவர் எதுவும் கேட்க வேண்டியதில்லை, நேராகக் கை வைக்கலாம். மீட்டர் வைத்துப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டோம். பார்த்தால் மற்றவரைச் சந்தேகப்பட்டதுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம் இருவருக்கும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மாப்பிள்ளை புதுக் கண்டென்சர் வாங்கக் கிளம்பினார். நான் ஆம்பைத் திறந்துவைக்கிறேன் என்றேன். அவர் வரும்வரை ஆம்பை ஓடவிட்டேன். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அணைத்தேன். வால்வை மஞ்சள் துணியால் பிடித்துக் கழற்றினேன், சூடாக இருந்தது. அந்தத் துணிமேலேயே வைத்தேன். வடிக்கவில்லை. மறக்கவும் இல்லை.

அவர் உள்ளே வந்து துணியைப் பார்த்தார். "எனக்கு வேலை மிச்சம் மச்சான், தேங்க்ஸ்," என்றார். நான் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதலில் விசாரிக்க வந்தவர்களிடம், நான் வடித்துத்தான் வைத்தேன், அவர் அவசரத்தில் மறுபடி ஆம்பைப் போட்டுப் பார்த்திருப்பார் என்றேன். அவர்களும் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். தங்கை அழுது ஓய்ந்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல எந்தத் தப்பும் இல்லண்ணா. அவர் ஏன் இப்படி அவசரப்பட்டாரு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மாப்பிள்ளை அவசரக்காரர் இல்லை. ஒரு நல்ல வேலைக்காரரைப் பற்றி அப்படி எழுதிவைப்பது நியாயமில்லை. அதைத் திருத்தத்தான் நானாக இங்கே வந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. போன மாதம் தங்கை அந்தப் படத்தை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டாள், அவர் நினைவாக. நான் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தேன். ஊர் சிரிக்கும் என்று காத்திருந்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கேட்டவர்களில் முக்கால்வாசிப்பேர் என்னைப் போலவே பெட்டியைத்தான் ஆம்ப் என்றார்கள். காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, ஆம்ப்தான் தளர்ந்துவிட்டது என்று முன்பின் தெரியாதவர்களே எழுதினார்கள். மாப்பிள்ளை சொன்ன அதே வார்த்தை. மறுபடி கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் உயிரோடு இருந்திருந்தால் இதைக் காட்டியிருப்பேன் என்று ஒரு நொடி நினைத்தேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது, சத்தம் கேட்டும் ஏன் போகவில்லை என்று. சத்தம் கேட்டது. முதலில் ஏதோ சிறிய இரும்புச் சாமான் தரையில் விழுந்தது. பிறகு கனமாக ஒன்று. ஆம்பும் கனம்தான், அது பெஞ்சிலிருந்து சரிந்திருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்காமல் சொல்வது சுலபமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அதன் பின் குதிகால் தரையில் தேய்வதுபோல் கொஞ்ச நேரம் வந்தது. கையில் இருந்த தாளில் 'ஆள்' என்று எழுதினேன். எல்லாம் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன், சுற்று முடியாமல் நான் எழுந்திருப்பதில்லை. பிறகு உள்ளே போய்ச் சரிபார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.